பின்படியில் ஏறியவன்

இந்த நிகழ்ச்சிக்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியலில் பட்டம் பெற்றவன். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, அப்பிரிவின் தலைவனாக ஓய்வு பெற்றேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட அந்த வாயிலைத் தாண்டியதில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். எங்கள் திருச்சபைக் குழுவுக்கு இன்றும் செயலாளன். கூட்டக் குறிப்பில் நான் எழுதிய வரியை யாரும் அடித்துத் திருத்தியதில்லை. அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றால் தெருவில் உள்ளவர்கள் இன்றும் என்னிடம்தான் வருகிறார்கள். பொறுப்பற்றவன் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லும்படி நான் நடந்துகொண்டதுமில்லை என்றே அறுபத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன்.

என் மகன் தெற்கு ஜெர்மனியில் ஒரு நகரத்தில் இயந்திரப் பொறியாளனாக இருக்கிறான். அவனும் மருமகளும் பலமுறை அழைத்ததன்பேரில், சென்ற கோடையில் நானும் என் மனைவியும் ஆறு வாரம் அங்கே தங்கப் போனோம். இருவரும் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகல் முழுவதும் எங்கள் வசம். விருந்தாளியாகச் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. எனவே வீட்டின் வெளிவேலைகளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பால் வாங்குவது, காலிப் புட்டிகளைக் கடையில் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றாகச் செலுத்துவது, மருமகள் இணையத்தில் வாங்கி அளவு சரியில்லாமல் போன துணிகளை அஞ்சலகத்தில் திருப்பி அனுப்புவது போன்றவை. ஒவ்வொரு வேலையோடும் பார்க்க வேண்டிய ஓர் இடத்தைச் சேர்த்து, ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். திங்கட்கிழமை புட்டிகளும் தேவாலயக் கோபுரமும். செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையும் நதிக்கரையும். தொழிற்சாலையில் ஆய்வு அட்டவணை போட்ட கை அது.

என் மனைவி கெலமங்கலத்துக்காரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கடைக்காரனை மடக்குவாள். ஆங்கிலம் மட்டும் வராது. ஆகவே பை, கைப்பேசி, வீட்டுச் சாவி, டிராம் அட்டை எல்லாம் என்னிடம் இருக்கும். அவளுடைய சிறு கைப்பையில் ஒரு கைக்குட்டையும் இன்சுலின் ஊசியும் மட்டும் இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே அம்மாவுக்கும் ஒரு கைப்பேசி எண் வாங்கித் தருவதாக மகன் சொன்னான். இருவரும் சேர்ந்துதானே போகிறோம், எதற்கு இரண்டு என்று நான் மறுத்துவிட்டேன்.

வேறொரு கட்டளையும் நான் போட்டிருந்தேன். அந்த ஊரில் வண்டிகளிலும் தெருக்களிலும் மக்கள் அடக்கமாகப் பேசுகிறார்கள். என் மனைவிக்கோ சந்தையில் வளர்ந்த குரல். முதல் நாள் டிராமில் அவள் பேசியபோது நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கியதும் அவளைக் கண்டித்தேன். இந்த ஊரில் சத்தம் போட்டுப் பேசுவது நம் பெயரைக் கெடுக்கும் என்றேன். அன்று முதல் வெளியில் அவள் என் காதருகே வந்துதான் பேசுவாள்.

நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை. அஞ்சலக வேலையை முடித்துவிட்டுப் பழைய அரண்மனை ஒன்றைப் பார்க்கப் போனோம். நாற்பது அறைகள். ஒவ்வொன்றிலும் பலகையில் இருந்ததைப் படித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். இருபதாவது அறையில் அவள் கால் வலிக்கிறது என்றாள். மீதியையும் பார்த்துவிடலாம் என்றேன். வெளியே வந்தபோது பன்னிரண்டரை ஆகிவிட்டது. அரண்மனை வளாகத்துக்குள் உணவுப் பொட்டலம் பிரிக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். டிராமில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பூங்கா உண்டு. அங்கே போய்ச் சாப்பிடலாம் என்பது என் திட்டம். போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும். எனவே அங்கேயே கழிவறைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவளும் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஊசி போட்டால் அரை மணிக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். இது எங்கள் வீட்டில் வேதவாக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சபையின் அறுப்பின் பண்டிகையன்று, ஊசி போட்டுக்கொண்டவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்தாள். முக்கால் மணி நேரத்தில், காணிக்கையாக வந்த பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். உடம்பு நனைந்த துணிபோல் வியர்த்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. ஓசூர் மருத்துவமனையில் டாக்டர் அம்மா அவளைக் காப்பாற்றிவிட்டுச் சொன்னார்: "ஆண்டவரே வந்து நின்னாலும், செத்த இருங்க சாமி, சாப்ட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுச் சாப்புடுங்கம்மா. இன்னொரு தடவ இப்பிடி ஆனா நான் பொறுப்பில்ல." அந்த இன்னொரு தடவைக்குத்தான் நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

அன்றைய உணவான கேழ்வரகு ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் என் தோள்பையில் இருந்தன.

டிராம் வந்தது. இரண்டு நீளமான பெட்டிகளைக் கோத்த வண்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளே வழி கிடையாது. அதுவரை நாங்கள் போன தடத்தில் ஒற்றைப் பெட்டி வண்டிகளே ஓடின, கூட்டமும் இருக்காது. அன்று பள்ளி விட்ட நேரம், கூட்டமாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தோம். அவள் முன்பக்கம் போனாள். நான் பின்பக்கம் போனேன்.

எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு இது விளங்கும். பெண்கள் முன்படி, ஆண்கள் பின்படி. கெலமங்கலம் பஸ்ஸில் நாற்பது ஆண்டுகளாக நாங்கள் அப்படித்தான் ஏறியிருக்கிறோம். நான் பின்னால் நின்று, "முன்னாடி ஒரு லேடீஸ்" என்று கண்டக்டரிடம் சொல்லி இரண்டு சீட்டு வாங்குவேன். இறங்கிய பிறகு தரையில் சந்தித்துக்கொள்வோம். அவள் ஏறினாளா என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு முன்பே ஏறி, முடிந்தால் இடமும் பிடித்திருப்பாள்.

பின்பெட்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். திறந்திருந்த கதவு வழியே நான் ஏறிக்கொண்டேன். கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, முன்பெட்டியைப் பார்த்தபடி நின்றேன். மாணவர்கள் இறங்கினார்கள். குழந்தை வண்டியோடு ஒரு பெண் இறங்கினாள். கதவுகள் மூடிக்கொண்டன. வண்டி என்னைக் கடந்தபோது கண்ணாடிக்குள் கூட்டத்தின் நடுவே கடுகு மஞ்சளில் ஏதோ தெரிந்தது. அவள் உடுத்தியிருந்த புடவையின் நிறம் அது. நிறுத்தம் தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டாள் என்று நான் முடிவு கட்டினேன். எப்போதும் எனக்கு முன்பே ஏறிவிடுகிறவள் அன்று ஏறாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வரவேயில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது. ஊசி போட்டு இருபது நிமிடம்.

அடுத்த டிராமைப் பிடித்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அவள் இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கிழவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என் மனைவி, இந்தியப் பெண், மஞ்சள் உடை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வருத்தத்தோடு தலையசைத்தார். அதற்கடுத்த நிறுத்தத்திலும் இறங்கினேன். அங்கே கூண்டுகூட இல்லை. ஒரு கம்பமும் இரண்டு மரங்களும்தான். இறங்கி, சுற்றிப் பார்த்து, அடுத்த வண்டிக்காக நின்று, ஏறி, மறுபடி இறங்கி என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஆறேழு நிமிடக் காத்திருப்பு. அந்த நிமிடங்களில் என் மனம் ஒன்றையே கணக்கிட்டது. இப்போது வியர்க்கத் தொடங்கியிருக்கும். இப்போது கை நடுங்கும். இப்போது யாராவது பேசினால் புரியாது.

மகனை உடனே அழைத்திருக்கலாம். கைப்பேசி சட்டைப்பையில்தான் இருந்தது. ஐந்தாவது நிறுத்தம் வரை அதை நான் எடுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மாவைத் தவறவிட்டேன் என்று பெற்ற மகனிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. ஆனால் நடந்தது அதுதான். கடைசியில் அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போகும்போது கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றும், மூன்று மணிக்கு மேல்தான் எடுப்பான் என்றும் எனக்குத் தெரியும். மருமகளும் எடுக்கவில்லை.

ஏழாவது நிறுத்தத்தில் தோள்பையின் கனம் என்னால் தாங்க முடியாததாகிவிட்டது. நான்கு ரொட்டிகளின் எடை எவ்வளவு இருந்துவிடும்? பையைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டேன். சட்னியின் வாடை வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் போலவும், எறிந்தால் அவள் செத்துவிடுவாள் போலவும் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

ஜெபிக்கவும் பார்த்தேன். சபையில் நெடிய ஜெபம் செய்வதில் எனக்குப் பெயருண்டு. போதகர் ஐயர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் என்னைத்தான் அழைப்பார்கள். அன்று ஒரு வாக்கியமும் முழுதாக வரவில்லை. 'ரொட்டி இங்கே இருக்கிறது, ரொட்டி இங்கே இருக்கிறது' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி நிறுத்தத்தை அடைந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வயல்களின் ஓரத்தில் தண்டவாளம் வளைந்து திரும்பும் இடம். ஓட்டுநர் ஒருவர் வண்டிக்கு வெளியே நின்று குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். நான் அவரிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். நாற்பது ஆண்டுகளாகப் பிறருக்கு நான் எழுதிக்கொடுத்த ஆங்கிலம். அன்று அதில் வினைச்சொற்கள் இல்லை. மனைவி, நோய், ஊசி, உணவு என்று பெயர்களை மட்டும் அடுக்கினேன். கைகூப்பினேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய் ஒலிவாங்கியில் பேசினார். எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நீண்ட நேரம் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு குரல் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னது. அவர் என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

அந்த வண்டியின் ஓட்டுநருக்கு நினைவிருக்கிறதாம். அரண்மனை நிறுத்தத்தில் மஞ்சள் உடையில் ஒரு மூதாட்டி முன்கதவுக்கு நேரே நின்றார். பொத்தானை அழுத்தவில்லை. ஏற விருப்பமில்லை என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அந்த ஊரில் டிராம் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு வாரமும் அந்தப் பொத்தானை நான்தான் அழுத்தியிருக்கிறேன். அவளை ஒருமுறைகூட அழுத்த விட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதாகக் காட்டியதுமில்லை.

அதே வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பினார். இருபத்தைந்து நிமிடம். வழியில் எந்த நிறுத்தத்தையும் நான் பார்க்கவில்லை. கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உடலைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவது எப்படி, யார் யாரிடம் என்ன சொல்வது என்று மனம் அதுவரை போய்விட்டது. கெலமங்கலத்தில் அவள் அண்ணன் இருக்கிறார். அவருக்கு எண்பது வயது. அவர் முன்னால் போய் நிற்கும் காட்சியை என்னால் முடிக்க முடியவில்லை.

அரண்மனை நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது.

அந்தக் காலி பெஞ்சுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். கீழே குனிந்து தரையைக்கூடப் பார்த்தேன். யாரையாவது கிடத்தித் தூக்கிப்போன தடம் இருக்குமா என்று பார்த்தேன் போலிருக்கிறது. பின்னால் கண்ணாடியை யாரோ தட்டும் ஒலி கேட்டது. பத்தடி தள்ளி ஒரு சிறிய ரொட்டிக் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தட்டும் பாதி குடித்த பழச்சாறும் இருந்தன.

நான் உள்ளே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. கதவு ஏன் திறக்கவில்லை என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"தட்டுனேங்க. நீங்க பின்னாடி ஏறுனதப் பாத்தேன். ஏங்க, ஏங்கன்னு ரெண்டு தடவ கூப்ட்டேன். நீங்க திரும்பல. இந்த ஊர்ல சத்தம் போடக் கூடாதுன்னீங்கல்ல, அதோட நிறுத்திக்கிட்டேன்."

பிறகு நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். கெலமங்கலம் சந்தையில் கூட்டத்தில் பிரிந்துபோனால் பிரிந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். அதன்படி நின்றாள். வண்டிகள் வந்து போயின. நான் வரவில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் இந்தக் கடைக்கு வந்தாள். வேலை செய்த பெண்மணிக்கு ஏறக்குறைய அவள் வயதுதான். என் மனைவி ஊசியை எடுத்துக் காட்டி, வயிற்றில் குத்துவதுபோல் சைகை செய்து, வாயருகே ஐந்து விரலைக் குவித்துக் காட்டி, நடுங்கும் கையை அவள் முன் நீட்டினாள். அந்தப் பெண்மணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழச்சாற்றைக் கொண்டுவந்து, முதல் வாயைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தாளாம். பிறகு ரொட்டி கொடுத்து, கண்ணாடியோரம் நிறுத்தம் தெரியும்படி உட்கார வைத்திருக்கிறாள்.

"தெலுங்குலதான் பேசுனேன். தமிழு புரியல, சரி தெலுங்காவது புரியுமான்னு பாத்தேன். நல்ல பொம்பள. அதுபாட்டுக்கு அது பாஷைல பேசுச்சி, நான்பாட்டுக்குத் தலையாட்டிக்கினேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அந்தக் கடையிலேயே, அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டிருக்க, பையிலிருந்த ரொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். எதற்காக வைத்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் மகனிடம் சொன்னோம். நான் சுருக்கமாகச் சொன்னேன். சில இடங்களை விட்டுவிட்டேன். அவன் தன் மாமனாரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். அவர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் அல்லர். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அது எங்களுக்கு முன்பே வந்து, வளர்ந்து, சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஐந்து மணி நேரம் காணாமல் போனாளாம். தெருவில் மயங்கிக் கிடந்தாளாம். பசி தாங்காமல் கடை வாசலில் கையேந்தினாளாம். காவல் வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்களாம்.

சென்ற மாதம் எங்கள் சபைக் கூடத்தில் ஒரு திருமண விருந்து. சம்பந்தியும் வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்கும்படி இதை எடுத்தார். "அண்ணன் மாதிரி படிச்சவங்க கூட இருந்ததால தப்பிச்சாங்க. எழுத்துக்கூட்டத் தெரியாத பொம்பளைங்கள வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனா வழி தவறத்தான் செய்வாங்க, பாவம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதில் என்மேல் ஒரு குறையும் இல்லை, மதிப்புதான் இருந்தது. நான் ஆமென்பதுபோல் தலையை அசைத்தேன். எதிர்ப் பந்தியில் என் மனைவி இருந்தாள். அவள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து, புடவை மாற்றிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நான் எங்கீங்க வழி தவறுனேன்?"

அவள் குரல் உயரவில்லை. அதன்பின் இதைப்பற்றி அவள் பேசவுமில்லை. வழக்கம்போல என்னிடம் மற்றவற்றைப் பேசவுமில்லை. மூன்று வாரமாக உப்பு, காரம் சரியா என்பது மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு.

ஆகவே இதை எழுத்தில் வைக்கிறேன். சபைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் படிக்கவும் போகிறேன். காலம் ஐந்து மணி நேரம் என்பது தவறு. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். என் மனைவி மயங்கி விழவில்லை. கையேந்தவில்லை. காவல் வண்டி எதுவும் வரவில்லை. அவள் வழி தவறினாள் என்று சம்பந்தி சொன்னதும், நான் தலையசைத்ததும் தவறு. பத்தடி தள்ளியிருந்த ரொட்டிக் கடைக்குப் போனதைத் தவிர, நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை. திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறியவன் நான்.